ஆறே முக்கால் கிலோ

1

பாரிசிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம் தள்ளியிருக்கும் ஒரு சின்ன ஊரில் நான் தபால்காரி. காலை ஆறரைக்குத் தபால்களைத் தெரு வாரியாக அடுக்கி, மூன்று சக்கர மின்சார வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் இருபத்தேழு தெருக்கள். "பிரான்சுக்குப் போயும் போஸ்ட்மேன் வேலையாக்கா?" என்று காரைக்காலில் என் சித்தப்பா மகள் ஸ்டெல்லா கேட்டிருக்கிறாள். ஆமாம். பத்தொன்பது வருடமாக அதே வேலைதான். மழை, பனி, நாய் எல்லாவற்றோடும்.

இந்தக் குறிப்பை ஊரில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். அங்கே இருபது வருடமாக ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் இன்னொரு பக்கத்தை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். என் மகள் கமீல் போனைப் பார்த்துச் சிரித்தாள். இருபத்தைந்து வயது, மருந்துக்கடையில் வேலை. வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். அன்று வாய்விட்டுச் சிரித்தாள்.

"யாருடி அது?"

"அப்பா."

எட்டிப் பார்த்தேன். காரைக்கால் கடற்கரை. பைக்கில் சாய்ந்துகொண்டு ஜெரால்டு பேசிக்கொண்டிருந்தான். ஒரு காலத்தில் என் கணவன். நீண்ட பைக் பயணத்துக்கு எப்படி மூட்டை கட்டுவது என்று பாடம் நடத்துகிறான். "குறைவா எடுத்துட்டுப் போகத் தெரியணும் பிரண்ட்ஸ். என் முன்னாள் மனைவி இருந்தாங்க. நாகூருக்குப் போறதுன்னாலும் நாலு பெட்டி கட்டுவாங்க."

கமீலின் தமிழ் அரைகுறைதான். இந்த வாக்கியம் மட்டும் அவளுக்கு முழுதாகப் புரிந்துவிட்டது.

இருபத்தாறு வருடம் முன்பு நாங்கள் இருவரும் இங்கே வந்து இறங்கியபோது நாலு பெட்டி இருந்தது உண்மை. அதில் மூன்று அவனுடையவை. அவன் கோட்டு, அவன் சான்றிதழ்கள், அவன் அம்மா கொடுத்தனுப்பிய கருவாடு.

வீடியோ முடியவில்லை. வரும் பிப்ரவரியில் ஒரு பயணம் போவதாக அறிவித்தான். காரைக்காலில் கிளம்பி மாஹே, அங்கிருந்து ஏனாம், பிறகு பாண்டிச்சேரி, திரும்பவும் காரைக்கால். ஒரு காலத்தில் தெற்கே பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த நாலு ஊரையும் ஒரே சுற்றாக இணைக்கும் பாதை. "இது என் இருபத்தஞ்சு வருஷக் கனவு," என்றான்.

அது என் கனவு. அவனுடைய வாயிலிருந்து அதைக் கேட்டேன்.

"நானும் போறேம்மா," என்றாள் கமீல். "அவர் பின்னாடி உட்கார்ந்து."

நான் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: "குளிர் இருக்காது. கம்பளி எடுத்துட்டுப் போகாதே."

2

என் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவரால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. அப்படிப்பட்ட வீட்டில் பெண் பிறந்தால் மாப்பிள்ளைகளுக்குப் பஞ்சமே இருக்காது.

அப்பா தன் பைக்கைத் துடைத்து வைப்பார், ஓட்ட மாட்டார். ஓட்டியது நான். பதினேழு வயதில் திருநள்ளாறு சாலையில் அந்த வண்டியில் போனபோது பெட்டிக்கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நிச்சயம் முடிந்தபின் ஜெரால்டிடம் ஒரு தினக்காலண்டர் தாளைக் காட்டினேன். பின்பக்கம் பென்சிலால் நாலு ஊர்களையும் வரைந்து கோடு போட்டிருந்தேன். "கல்யாணத்துக்கு அப்புறம் போலாம் ரோஸ்," என்று அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

கல்யாணத்துக்கு அப்புறம் நாங்கள் போனது அரசாங்க அலுவலகங்களின் வரிசைக்கு. விசா, தங்கும் அட்டை, புதுப்பிப்பு, பிறகு அவனுடைய குடியுரிமை விண்ணப்பம். ஒவ்வொரு தாளிலும் நான் கையெழுத்துப் போட்டேன். இவர் என்னோடுதான் வாழ்கிறார், எங்கள் திருமணம் உண்மையானது என்று ஒவ்வொரு கவுண்டரிலும் சத்தியம் செய்தேன். குடியுரிமைக் கடிதம் வந்த மூன்றாம் வாரம் அவன் போய்விட்டான். கமீலுக்கு அப்போது ஐந்து வயது.

அதை ஓர் அலுவலகத்தில் சொல்ல வேண்டியிருந்தது. "என் கணவர் போய்விட்டார்" என்று பிரெஞ்சில் சொன்னேன். நம் தமிழில் போலவே அவர்கள் மொழியிலும் அதற்கு இரண்டு அர்த்தம் இருப்பது எனக்குத் தெரியாது. கவுண்டரில் இருந்த பெண் கண்ணாடியைக் கழற்றி, "என் ஆழ்ந்த அனுதாபங்கள் அம்மா," என்றாள். திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். சில நிமிடங்கள் அவன் செத்தவனாக இருந்தான், எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது. பிறகு என் கோப்பில் விதவை என்று ஏறிவிட்டதை மாற்ற ஏழு மாதம் நடந்தேன்.

அவன் ஊருக்கு ஒரு நடை வந்து அப்பாவைப் பார்த்தான். உங்கள் மகள் என்னை வீட்டை விட்டுத் துரத்திவிட்டாள், அவளுக்கு வெள்ளைக்காரன் சிநேகிதம் என்று அழுதானாம். அப்பா நம்பினார். அதன்பிறகு நான் போன் செய்தால் ரிசீவரை எடுத்து, என் குரல் என்று தெரிந்ததும் வைத்துவிடுவார். பதினொரு வருடம் முன்பு அவர் இறந்ததை அடக்கம் முடிந்தபின்தான் எனக்குச் சொன்னார்கள்.

இதெல்லாம் தெரிந்தவர்கள் இனி என்னை ஏன் இவ்வளவு வன்மம் என்று கேட்க வேண்டாம்.

3

கமீலிடம் சொல்லாமல் நானும் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். பைக் ஓட்டும் உரிமத்துக்கு ஐம்பத்திரண்டு வயதில் பள்ளியில் சேர்ந்தேன். இங்கே அதற்கு, கூம்புகளுக்கு நடுவே நடைவேகத்தில், கால் ஊன்றாமல் வளைத்து வளைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். முதல் தடவை தோற்றேன். ஆத்திரத்தில் கைப்பிடியை முறுக்கிவிட்டேன். இரண்டாம் தடவை தேறினேன். சர்வதேச உரிமத்துக்கு விண்ணப்பித்தால் புகைப்படத்தில் காதணி தெரிகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த படத்தில் நெற்றி தெரியவில்லையாம். கடைசியில் அட்டை வந்தபோது பயணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

பாதை போடுவது மட்டும் எனக்குச் சிரமமே இல்லை. அது என் பிழைப்பு. புதிதாக வேலைக்கு வருபவர்கள் வரைபடத்தைப் பார்ப்பார்கள். பழகியவர்கள் கடிகாரத்தைப் பார்ப்போம். எந்தத் தெருவில் எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடம் விடும், குப்பை லாரி எப்போது மறிக்கும், சூரியன் எப்போது கண்ணில் அடிக்கும். அப்படியே போட்டேன். மாஹே மேற்கே இருக்கிறது, அதனால் காலையில் ஓட்டினால் வெயில் முதுகில். ஏனாம் வடகிழக்கே, அங்கே விடிகாலையில் கிளம்பினால் கண் கூசும், ஆகவே தாமதமாகக் கிளம்பி மாலை வரை ஓட்டுவது. ஒரு நாளைக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கிடையாது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நீளத் துண்டுக் காகிதம். அதில் திரும்பும் இடங்கள், பெட்ரோல், இரவு தங்கும் ஊர்.

ஜெரால்டின் பாதையை அவனே வீடியோவில் காட்டியிருந்தான். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் காரைக்காலில் இருந்து திருநள்ளாறு வழியாக. அதைப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன். சனிக்கிழமை காலை திருநள்ளாற்றில் சனீஸ்வரனைப் பார்க்க வருகிற கூட்டத்துக்குள் பைக்கை விடுகிறவன் காரைக்கால்காரனா?

எனக்கான வண்டியைக் காரைக்காலில் ஸ்டெல்லா பார்த்து முடித்து வைத்தாள். அவன் வைத்திருக்கும் அதே மாடல். எந்த ஊரிலும் உதிரிப் பாகம் கிடைக்கும் என்று அவனே இன்னொரு வீடியோவில் சொல்லியிருந்தான். நல்ல யோசனை யார் சொன்னாலும் எடுத்துக்கொள்வேன்.

4

சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்து நிறுத்தேன். மூன்று சுடிதார் இரண்டானது. ஒன்று உடம்பில், ஒன்று பையில், ராத்திரி துவைத்துப் போட்டால் காலையில் காய்ந்துவிடும். குளிக்க, துணி துவைக்க, தலைக்கு எல்லாவற்றுக்கும் ஒரே சோப்பு. மழைக்கோட்டு. ரப்பர் செருப்பு. மாத்திரைகள். பஞ்சர் சாமான், நாலு ஸ்பேனர், ஒரு ஸ்பார்க் பிளக், ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள். துண்டு பெரியது, பாதியாக வெட்டினேன். பைபிளை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். கடைசியில் வீட்டிலேயே விட்டேன். இந்தப் பயணத்தில் அதைத் திறக்க எனக்கு முகம் இருக்காது.

கனமானது அடியில், உடம்பை ஒட்டி. அடிக்கடி எடுப்பது மேலே. பத்தொன்பது வருடமாகத் தபால் பையை அப்படித்தான் கட்டுகிறேன்.

5

காரைக்கால் கடற்கரையில் பதினொரு வண்டிகள் நின்றன. ஜெரால்டோடு போகும் குழுவில் ஒருவர் கருக்களாச்சேரியிலிருந்து மீன் நிறுக்கிற தராசைக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொருவர் பையையும் நிறுத்து, பத்து கிலோவுக்கு மேல் இருந்தால் இறக்கச் சொல்வது ஜெரால்டு போட்ட விதி. அவன் மைக் பிடித்திருந்தான்.

நான் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினேன். கமீல் முதலில் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

ஜெரால்டு சமாளித்துக்கொண்டான். மைக்கிலேயே கேட்டான்: "அடடே, ரோஸ்லின்! எத்தனை பெட்டி?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

"நான் உங்க குழுவுல வரல. ரோடு பொதுதானே," என்றேன். "ஆனா நிறுத்துப் பாத்துடுங்க."

பையைத் தராசில் வைத்தேன். ஆறே முக்கால் கிலோ. தராசுக்காரர் சத்தமாகப் படித்தார்.

"இப்ப உங்களோடத வைங்க," என்றேன்.

"தலைவருக்கு எதுக்கு?" என்றான்.

"வைங்கண்ணே, பாப்போம்," என்று கூட்டத்தில் யாரோ குரல் கொடுத்தார்கள். வைக்க வேண்டியதாயிற்று. பத்தொன்பது கிலோ. டிரோன், மூன்று கேமரா, சார்ஜர்கள், முடிக்குப் போடும் கிரீம். தராசுக்காரர் இதையும் சத்தமாகத்தான் படித்தார். இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. ஒருவர் போனில் படம் எடுத்தார்.

அவன் கழுத்து சிவந்ததைப் பார்த்தேன். இருபது வருடத்தில் எனக்கு அவ்வளவு சுகமான காலை வாய்த்ததில்லை. குனிந்து அவன் சாமான்களை இறக்க ஆரம்பித்தபோது நான் கிளம்பிவிட்டேன். நெடுங்காடு வழியாக, இருபக்கமும் வயல், காலி ரோடு. மயிலாடுதுறையில் இட்லி சாப்பிட்டு முடித்தபோதும் அவர்கள் திருநள்ளாற்றைத் தாண்டவில்லை என்று ஸ்டெல்லா போனில் சொன்னாள்.

6

மாஹேயில் ஆற்றோர நடைபாதையில் கமீல் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். பிரெஞ்சில் கேட்டாள்: "என்னை வேவு பார்க்க வந்தியா?"

"இல்ல. இது நான் போட்ட பாதை."

"பாதைக்காக ஒருத்தி இவ்வளவு தூரம் வருவாளா?"

அவள் திரும்பிப் போனாள். அவள் நடையில் என் அப்பாவின் விறைப்பு இருக்கிறது.

மறுநாள் தலைச்சேரி, இரிட்டி தாண்டிக் குடகு மலைக்கு ஏறும் காட்டுச்சாலை. வெகுதூரத்துக்குக் கடை கிடையாது, போனில் சிக்னல் கிடையாது. ஒரு வளைவில் ஜெரால்டின் வண்டி ஓரமாக நின்றது. மற்றவர்கள் முன்னாலேயே போய்விட்டார்களாம். இவன் டிரோன் பறக்கவிட்டுப் படம் எடுப்பதற்காகப் பின்தங்கியிருக்கிறான். திரும்ப ஏறி உட்கார்ந்தபோது கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. சமதரையாக இருந்தால் தள்ளிக் கிளப்பி எப்படியோ ஓட்டலாம். அந்த ஏற்றத்தில், பின்னால் ஆளோடு, நடக்காது.

நான் வண்டியை நிறுத்தினேன்.

"உன்கிட்ட கிளட்ச் கேபிள் இருக்குமே?" என்றான். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"இருக்கு. உன்னோடது எங்க?"

கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீங்க' என்றுதான் அழைத்திருக்கிறேன். முந்தாநாள் கடற்கரையில்கூட. 'நீ' என்றது இதுதான் முதல் தடவை. அவன் கவனித்தான்.

"காரைக்கால்ல இறக்கி வச்சுட்டேன். டூல்ஸ், கேபிள் எல்லாம். உன்னாலதான். எல்லார் முன்னாடியும் தராசுல ஏத்துனியே."

"டிரோனை இறக்கல?"

கமீல் பாதி காலியான தண்ணீர்ப் பாட்டிலோடு மதகுச் சுவரில் உட்கார்ந்திருந்தாள்.

"கேபிள் தர்றேன்," என்றேன். "அதுக்கு முன்னாடி இவகிட்ட சொல்லு. யாரு யாரை விட்டுட்டுப் போனது? எங்கப்பாகிட்ட நீ என்ன சொன்னே?"

"இங்கயா? நடுரோட்டுலயா?"

"இங்கதான்."

மேலே பார்த்தான், கீழே பார்த்தான். ஒரு வண்டியும் வரவில்லை. பிறகு பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் சொன்னான்: "நான்தான் போனேன். பேப்பர் வந்ததும் போயிட்டேன். உங்க தாத்தாகிட்ட மாத்திச் சொன்னேன். போதுமா?"

நான் கமீலைப் பார்த்தேன். இந்த வாக்கியத்தைக் கேட்கும்போது அவள் முகம் எப்படி மாறும் என்று எத்தனையோ தடவை, தபால் போடுகிற தெருக்களில், கற்பனை செய்திருக்கிறேன். அது மாறவே இல்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள். "பதினாலு வயசுல உன் அலமாரியில கோர்ட்டுக் காகிதமெல்லாம் படிச்சேன். தாத்தாகிட்ட என்ன சொல்லியிருப்பார்னு கண்டுபிடிக்கிறது கஷ்டமா? எப்படிப்பட்டவர்னு தெரிஞ்சுதான் வந்தேன். எனக்கு ஒரு அப்பாவோட பத்து நாள் வேணும். நல்ல அப்பா வேணும்னு நான் கேக்கல." பிறகு, "இப்பக் கேபிளைக் குடும்மா."

பதினொரு வருடமாக இவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தாளா, திறக்கக் கூடாது என்று காத்திருந்தாளா?

கேபிளைக் கொடுக்கவில்லை. ஹெல்மெட்டைப் போட்டேன்.

"ஏய்! சொன்னா தர்றேன்னு சொன்னேல்ல!" என்று கத்தினான்.

"ஏறு," என்றேன் கமீலிடம்.

அவள் தலையை ஆட்டினாள். அவனோடேயே உட்கார்ந்திருந்தாள்.

7

மலை ஏறி முடித்ததும் ஒரு டீக்கடை. அவன் அந்த வளைவில் நிற்பதை நினைக்க நினைக்க உள்ளே இனித்தது. டீயில் சர்க்கரை போடவில்லை என்பதே பாதி குடித்தபின்தான் தெரிந்தது. அந்த இன்பம் ஒரு டீ அளவு இருந்தது. பிறகு தண்ணீர்ப் பாட்டில் ஞாபகம் வந்துவிட்டது.

இரிட்டிக்கு இறங்கும் பேருந்து வந்து நின்றது. கேபிளை ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றி, பேனாவால் கமீல் என்று எழுதி, எந்த வளைவு, எந்தப் பக்கம் என்று தபால்காரி எழுத வேண்டிய முறையில் எழுதினேன். கண்டக்டரிடம் கொடுத்தேன். இரண்டு ஸ்பேனரும் சேர்த்து.

"பொண்ணு கையில குடுங்க. பக்கத்துல ஒரு ஆள் நிப்பான், அவன் கையில குடுக்காதீங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "பெண்குட்டிக்கு மாத்திரம்," என்று மலையாளத்தில் உறுதி சொன்னார்.

நான் தனியாகவே சுற்றி முடித்தேன். மைசூர், பெங்களூர், கிருஷ்ணா நதி, கோதாவரி ஓரம் ஏனாம், கடற்கரையோரம் இறங்கிப் பாண்டிச்சேரி. என் காகிதத் துண்டுகள் ஒன்றும் தப்பவில்லை. அவர்களுக்கு ஒரு நாள் முந்திக் காரைக்கால் வந்தேன். அவன் வெளியிட்ட வீடியோவில் நான் ஒரு நொடிகூட இல்லை. ஆனால் கடற்கரையில் ஒருவர் போனில் எடுத்தாரே, அது ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. மீன்பிடித் துறைமுகத்தில் இப்போது அவனுக்குப் பெயர் பத்தொன்பது கிலோ. ஸ்டெல்லா சொன்னாள். இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

8

ஊரைவிட்டுக் கிளம்பும் முந்தின நாள் அப்பாவின் கல்லறைக்குப் போனேன். முதல் தடவை. கறுப்புக் கல்லில் வெட்டிய எழுத்துகள். அப்பாவின் பெயர், ராணுவப் பட்டாளம், பிறப்பு, இறப்பு. கீழே: 'நினைவாக நாட்டியவர் அன்பு மருமகன் ஜெரால்டு.' என் பெயர் எங்கும் இல்லை.

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்க்கா," என்றாள் ஸ்டெல்லா.

கடைத்தெருவுக்குப் போய் வெள்ளைச் சிமெண்ட் ஒரு பாக்கெட் வாங்கினேன். தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தபோது கமீல் வந்தாள். மலையில் பிரிந்தபின் என்னிடம் அவள் பேசியிருக்கவில்லை. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

"என்ன எழுதியிருக்கு?"

படித்துக் காட்டினேன்.

"மருமகன் எது?"

முன்னால் இருந்த 'அன்பு'வையும் சேர்த்து விரலால் காட்டினேன். அவள் குனிந்து, சிமெண்டை விரலில் எடுத்து, 'அன்பு மருமகன்' என்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக அடைத்தாள். பொறுமையாக, மருந்துக்கடையில் களிம்பு எடுத்து வைப்பவள் போல. "இது பொய். பேர் இருக்கட்டும்," என்றாள். "கல்லு வச்சது அவர்தானே."

அவள் போன் அடித்தது. திரையில் யார் பெயர் என்று நான் பார்த்துவிட்டேன். பேசுவதற்காக வாசல் பக்கம் போனாள்.

ஜெரால்டு. நாலு எழுத்து. அவள் திரும்பி வருவதற்குள் நாலையும் அடைத்து, கட்டைவிரலால் வழித்துவிட்டேன்.

வந்து பார்த்தாள். படிக்கத் தெரியாவிட்டாலும் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தது.

"அங்க உன் பேரை எழுதப் போறியா?"

"இல்ல."

"ஏன்?"

"எங்கப்பாவும் என்னை ஒரு வார்த்தை கேக்கலையே."

கமீல் கையைக் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். சிமெண்ட் காயும் வரை இருவரும் வெயிலில் அப்படியே நின்றிருந்தோம்.